விளக்கு எரியும் இடத்தில்

பதினொரு மணிக்கு இன்னும் இரண்டு நிமிடம் இருந்தது. மேசைக்கு எதிர்ப்பக்கம் உட்கார்ந்திருந்த நிலோஃபர் இரண்டு விரலை உயர்த்திக் காட்டிவிட்டுத் தன் ஒலிபரப்புப் பொத்தான்களைப் பார்க்கக் குனிந்தாள். ஹெட்போனை மாட்டியதும் வெளியுலகம் அறுந்துபோய்த் தன் மூச்சு மட்டும் தனக்குக் கேட்கிற இந்த இரண்டு நிமிடத்தைப் பேராசிரியர் அம்புரோஸ் பதினொரு ஆண்டுகளாக, சர்க்கரை நோய்க்காரர் ஒளித்துவைத்துத் தின்கிற மிட்டாயைப் போல, யாருக்கும் சொல்லாமல் அனுபவித்து வந்திருக்கிறார். இன்று அந்த மூச்சுதான் தொந்தரவாக இருந்தது. உள்ளே போகிறது, வெளியே வருகிறது, இதில் கவனிக்க என்ன இருக்கிறது என்று தன்னையே அதட்டினார். அதட்டியதும் அது நின்று நின்று வந்தது. மூச்சும் ஒரு வகை எரிதல்தான். இதைச் சொன்னவர் அவரே. போன செவ்வாய்க்கிழமை, இதே நாற்காலியில், இதே மைக்கில். சீலமுத்துப்பட்டியிலிருந்து பால்ச்சாமி என்று ஒருவர் போன் செய்திருந்தார். "கெணத்துக்குள்ள ஆளு எறங்குறதுக்கு முன்னாடி அரிக்கேன் வெளக்கக் கயித்துல கட்டி விட்டுப் பாக்குறாங்களே சார், அது எதுக்கு?" அழகான கேள்வி. அழகான கேள்விக்கு அழகாகப் பதில் சொல்லாவிட்டால் அம்புரோசுக்குச் சோறு இறங்காது. சுடர் எதைத் தின்கிறதோ அதையே நாமும் தின்கிறோம், சுடர் எதைக் கழிக்கிறதோ அதையே நாமும் கழிக்கிறோம், விளக்கும் மனிதனும் அண்ணன் தம்பி என்று படிப்படியாக ஏற்றிக்கொண்டு போய், கோபுரத்துக்குக் கலசம் வைப்பதுபோல் கடைசியில் ஒரு வாக்கியத்தை வைத்தார்: "விளக்கு எரியும் இடத்தில் மனிதன் மூச்சு விடலாம்." நிலோஃபர் சத்தம் வராமல் கை தட்டுவதுபோல் பாவனை செய்தாள். சொன்னவருக்கே புல்லரித்தது. வாக்கியத்தில் எழுவாய், பயனிலை எல்லாம் அதனதன் இடத்தில் இருந்தன. உண்மை மட்டும் பாதிதான் இருந்தது.

பாதிதான் என்பது இன்று காலை பத்தேகாலுக்கு, ஆட்டோவில் வரும்போது தெரிந்தது. ரயில்வே கேட் மூடியிருந்தது. தோல் பதனிடும் இடங்களின் கழிவு வாய்க்கால் ரோட்டோரமாகவே ஓடுகிற இடம். அழுகிய முட்டை நாற்றம். அம்புரோஸ் கைக்குட்டையை எடுத்து மூக்கில் வைத்ததைக் கண்ணாடியில் பார்த்த ஆட்டோக்காரர், "அஞ்சு நிமிசம் பொறுங்க சார், மூக்கு பழகிரும். எங்களுக்கெல்லாம் இது சென்ட்டு" என்றார். மெய்யாகவே பழகியது. நாற்றம் போகவில்லை, மூக்குதான் போயிருக்கிறது என்று நினைத்து அவர் சிரித்துக்கொண்டார்; இதையே ஒரு வாரம் நிகழ்ச்சியில் சொல்லலாமே என்று கூடத் தோன்றியது. சிரிப்பு பாதியில் நின்றது. அழுகிய முட்டை என்றால் ஹைட்ரஜன் சல்ஃபைடு. சாக்கடையில் இருக்கும், எருக்குழியில் இருக்கும், வருடக்கணக்காக ஆள் இறங்காத கிணற்றின் அடிச்சேற்றில் இருக்கும். கொஞ்சமாக இருந்தால் நாறும். கூடினால் முதல் வேலையாக மூக்கை அடித்துப்போடும். நாற்றம் நின்றுவிடும். அப்பாடா, நல்ல காற்று வந்துவிட்டது என்று ஆள் ஆழமாக ஒரு மூச்சு இழுப்பான். விளக்கு என்ன செய்யும்? விளக்குக்கு மூக்கும் இல்லை, நரம்பும் இல்லை. அது பாட்டுக்கு எரியும். அதோடு, விளக்கு இறங்கும்போது சேறு அசையாமல் தூங்கிக்கொண்டிருக்கும். ஆள் இறங்கி மண்வெட்டியை வைத்த பிறகுதான் உள்ளே அடைபட்டது குமிழ் குமிழாக வெளியே வரும். விளக்கு சோதித்துப் பார்ப்பது ஒரு கிணறு, ஆள் நிற்பது இன்னொரு கிணறு. இதெல்லாம் தெரியாதவரா அவர்? நடத்தியது இயற்பியல்தான் என்றாலும் முப்பத்திரண்டு வருடம் வேதியியல்காரர்களோடு ஒரே அறையில் டீ குடித்தவர். தெரியும். தெரிந்தும் வாக்கியத்தின் அழகு கெடுமே என்று விட்டுவிட்டாரா? அப்படி இருந்தாலாவது பரவாயில்லை. நினைவுக்கே வரவில்லை. அழகான வாக்கியம் ஒன்று வாசலில் வந்து நின்றால், உள்ளே உட்கார்ந்திருக்கும் மற்ற விஷயங்களெல்லாம் எழுந்து வழிவிட்டுப் பின்கட்டுக்குப் போய்விடுகின்றன. வானொலி நிலையத்துக்கு வந்ததும் முதல் வேலையாக நிலோஃபரிடம் கேட்டார், போன வாரம் பேசினவர் நம்பர் கிடைக்குமா என்று. "நம்ம லேண்ட்லைன்ல நம்பர் விழாது சார், உங்களுக்குத் தெரியாததா? ஏன், யாராச்சும் திட்டுனாங்களா?" "இல்லம்மா, சும்மா." அந்தச் சும்மாவைச் சொன்ன வாயை அவர் இன்னும் மன்னிக்கவில்லை. சீலமுத்துப்பட்டி எங்கே இருக்கிறது என்று தன் போனிலேயே தேடிப் பார்த்தார். மாவட்டத்தில் மூன்று சீலமுத்துப்பட்டிகள் இருந்தன. போலீசுக்குச் சொல்லலாம். என்னவென்று? ஒரு வாக்கியம் தேவைக்குமேல் அழகாகிவிட்டது, வந்து பிடித்துக்கொண்டு போங்கள் என்றா? அந்த ஆள் சும்மா தெரிந்துகொள்ளக் கேட்டவராகத்தான் இருக்கும். இறங்கப் போகிறேன் என்று அவர் சொல்லவில்லை. சொல்லவில்லையா? போனை வைக்கும் முன் என்னவோ சொன்னார். அப்போது அம்புரோஸ் தன் வாக்கியத்தின் கடைசி இனிப்பை நாக்கில் வைத்துக்கொண்டிருந்தார். என்ன சொன்னார் என்பது அந்த இனிப்புக்கு அடியில் எங்கோ ஒட்டிக்கொண்டு கிடக்கிறது.

"வணக்கம் நேயர்களே, இது உங்கள் 'ஏன்?' நிகழ்ச்சி" என்று நிலோஃபர் குரலை ஏற்றினாள். பெரியவர்களுக்கு மட்டும் என்று அம்புரோஸ் வைத்த நிகழ்ச்சி இது. வானம் ஏன் நீலம் என்று ஒன்பது வயதுப் பையன் கேட்டால் கன்னத்தைக் கிள்ளி முத்தம் கொடுக்கிறார்கள். நாற்பத்தொன்பது வயதுக்காரர் கேட்டால், வீட்டில் வேலை ஒன்றும் இல்லையா என்கிறார்கள். அதனால் ஆயுள் முழுக்கக் கேட்காமல் அடக்கிவைத்த கேள்விகளோடு இந்த மாவட்டத்தில் ஆறேழு லட்சம் பேர் சட்டை போட்டுக்கொண்டு நடமாடுகிறார்கள் என்பது அவர் கணக்கு. அவர்களுக்காகவே ஒரு விதி வைத்திருந்தார், ஸ்டுடியோ கண்ணாடியில் ஒட்டியும் வைத்திருந்தார்: 'எதற்காகக் கேட்கிறீர்கள் என்று நேயரைக் கேட்கக் கூடாது.' கேட்டால் கூச்சப்படுவார்கள். அந்த விதியை நினைத்து அவருக்கு எப்போதும் ஒரு பெருமை. இப்போது கண்ணாடியில் அந்தத் தாளைப் பார்த்தார். ஒரு மூலை பசை விட்டுச் சுருண்டிருந்தது. முதல் அழைப்பு தையல்கடை பரிமளா. "சார், இன்னிக்கு உச்சி வெயில்ல நெழலு காணாமப் போயிரும்னு சொன்னீங்கள்ல. எங்க வீட்டுக்காரரும் அப்பிடித்தான் சார், வெயிலு ஏறுனா ஆளக் காணோம்." நிலோஃபர் சிரித்தாள். அம்புரோசும் சிரித்தார், சிரிப்பதற்கு ஒரு நொடி பிந்திவிட்டது, யாரும் கவனிக்கவில்லை. "காணாமப் போற நெழலு எங்க சார் போகுது?" எங்கேயும் போவதில்லை, அம்மா, காலுக்கு அடியிலேயே ஒளிந்துகொள்கிறது என்று அவர் தொடங்கினார். வருடத்தில் இரண்டே நாள்தான் நம் ஊரில் சூரியன் தலைக்கு நேர் மேலே வரும். மற்ற நாளெல்லாம் வடக்கேயோ தெற்கேயோ கொஞ்சம் ஒதுங்கித்தான் போகும். அந்த இரண்டில் ஒன்று இன்று, சித்திரை பிறந்த கையோடு. அதுவும் பன்னிரண்டு மணிக்கு இல்லை. கடிகாரத்துப் பன்னிரண்டு நாட்டுக்கெல்லாம் பொதுவாக வைத்த பன்னிரண்டு. நம் ஊருக்குச் சொந்தமான உச்சி பன்னிரண்டு பதினெட்டுக்கு வரும். அப்போது கொடிக்கம்பத்துக்கு நிழல் இருக்காது, பனைக்கு இருக்காது, மற்ற நாளில் பாதிச் சுவரோடு நின்றுவிடும் வெயில் அன்றைக்கு மட்டும் ஆழக் கிணற்றின் அடிவரைக்கும்

அடிவரைக்கும் என்று சொல்லும்போதே இனிப்பு கரைந்து, அடியில் ஒட்டிக் கிடந்தது மேலே வந்தது. ரொம்ப சாவகாசமாக வந்தது, குமிழ் மாதிரி. "ரொம்ப நன்றி சார். நெழலில்லாத நாளுன்னு ஒண்ணு சொன்னீங்கள்ல, தூரு வாருறத அன்னிக்கே வச்சுக்கிட்டோம். அடி வரைக்கும் வெளிச்சம் விழுகும்ல, டார்ச்சு வேணாம் பாருங்க." அதுதான். அதைச் சொல்லிவிட்டுத்தான் பால்ச்சாமி போனை வைத்தார். அம்புரோஸ் அதற்கு என்ன சொன்னார் என்பதும் இப்போது நினைவுக்கு வந்தது. "மகிழ்ச்சி" என்று சொன்னார். தன் நிகழ்ச்சியைக் கேட்டு ஒரு ஆள் நாள் குறிக்கிறாரே, பஞ்சாங்கத்தைப் பார்த்துக் குறிக்காமல் பேராசிரியர் அம்புரோசைக் கேட்டுக் குறிக்கிறாரே என்ற மகிழ்ச்சி. ஆக, இறங்கும் நாளைக் கொடுத்தது அவர். இறங்கலாம் என்ற தைரியத்தைக் கொடுத்ததும் அவர். இரண்டு வெவ்வேறு செவ்வாயில், இரண்டு வெவ்வேறு அழகான பதில்கள். எங்கோ ஒரு கிணற்று மேட்டில் அவை கைகோத்துக்கொண்டன. "சார்?" என்றாள் நிலோஃபர், மைக்கை மூடிக்கொண்டு. "வெயில் அடிவரைக்கும்... அப்புறம்?" "அடிவரைக்கும் விழும், அம்மா" என்று முடித்தார். சுவர்க்கடிகாரத்தில் பதினொன்று ஒன்பது. பன்னிரண்டு பதினெட்டுக்கு இன்னும் அறுபத்தொன்பது நிமிடம். நேரம் இருக்கிறது. இந்த எண்ணம் வந்ததும், ஒரு மணி நேரம் இருப்பதால் அவசரப்பட்டு உளற வேண்டியதில்லை, பொருத்தமான இடம் பார்த்துச் சொல்லலாம் என்று மூளை வக்கீல் மாதிரி வாதாட ஆரம்பித்தது. விளம்பரம் முடியட்டும். விளம்பரத்தில் ஒரு சிறுமி ஏதோ ஜவுளிக்கடையின் பேரை ஏழு முறை சொன்னாள்.

ஏழு. அவர் சொன்ன வாக்கியத்துக்கும் வயது ஏழு நாள். சும்மா கிடக்கவில்லை அது. இந்தக் கட்டடத்தின் மொட்டைமாடிக் கம்பத்திலிருந்து கிளம்பிய வாக்கியம் பால்ச்சாமியின் ரேடியோவுக்குப் போன அதே வேகத்தில் மேலேயும் போயிற்று. ஒன்றேகால் நொடியில் நிலாவைத் தாண்டியது. அன்று மாலை அவர் இட்லிக்கு மாவு வாங்கப் போனபோது கடைசிக் கிரகத்தையும் தாண்டிவிட்டது. மறுநாள், மனிதன் அனுப்பியதிலேயே ரொம்பத் தொலைவு போன விண்கலத்தை முந்தியது. நலிந்து நலிந்து, கேட்க ஒரு காதும் இல்லாத இருட்டில், விளக்கு எரியும் இடத்தில் மனிதன் மூச்சு விடலாம், விளக்கு எரியும் இடத்தில் மனிதன் மூச்சு விடலாம் என்று போய்க்கொண்டே இருக்கிறது. எழுதியதை அடிக்கலாம். அச்சிட்டதை எரிக்கலாம். இதை மட்டும் யாராலும் திரும்பக் கூப்பிட முடியாது. இப்போதே எழுந்து நின்று, நான் சொன்னது தப்பு என்று கத்தினால் அந்தத் திருத்தமும் கிளம்பும். அதே வேகத்தில் கிளம்பும். தவறுக்கு ஏழு நாள் பின்னால் என்றென்றைக்கும் ஓடும். ஒரு அடி கூட நெருங்காது. பிரபஞ்சத்தின் பார்வையில் அம்புரோஸ் முதலில் தப்பாகச் சொன்னவர்தான். இதை நினைக்க அவருக்குப் பயமாகவும் இருந்தது, வெட்கம்கெட்டதனமாக ஒரு மூலையில் அழகாகவும் இருந்தது. இதையும் ஒரு வாரம் சொல்லலாமே என்று அந்த மூலை முணுமுணுத்தது. அவர் தன் தொடையைத் தானே கிள்ளிக்கொண்டார். பிரபஞ்சம் கிடக்கட்டும். சீலமுத்துப்பட்டி முப்பது கிலோமீட்டருக்குள்தான் இருக்க வேண்டும். அங்கே போக அலைக்குக் கண் இமைக்கிற நேரம்கூட வேண்டாம். இப்போது சொன்னால் இப்போதே கேட்கும். சொல்ல வேண்டும், அவ்வளவுதான். விளம்பரம் முடிந்தது. சிவப்பு விளக்கு எரிந்தது. வாயைத் திறந்தார். "அடுத்த அழைப்பு, நம்ம சௌந்தரபாண்டி ஐயா!" என்றாள் நிலோஃபர்.

சௌந்தரபாண்டி பழைய லாரி புக்கிங் ஆபீஸ்காரர். பதினொரு வருடமாக வாரம் தவறாமல் கூப்பிடுகிறார். கேள்வி கேட்பதாகப் பேரே தவிர, அம்புரோஸ் எங்காவது வழுக்கி விழுவதைப் பார்க்க வரிசையில் நிற்பவர். "என்ன பேராசிரியரே, நல்லாருக்கீகளா? பன்னிரண்டு பதினெட்டுன்னு சொன்னீகளே, பதினெட்டா, பதினேழே முக்காலா?" என்று ஆரம்பித்தார். "உங்க வீட்டு மாடியில நின்னா பதினெட்டு, புழக்கடையில நின்னாலும் பதினெட்டு" என்றார் அம்புரோஸ். "அப்ப சரி. உங்களுக்குத் தப்பே வராதே! எங்க வீட்ல சொல்வேன், எனக்கும் டாக்டருக்கும் கூடத் தப்பு வரும், அம்புரோஸ் சாருக்கு வராதுன்னு. வந்தா அன்னிக்கு நான் ஊருக்கே லட்டு கொடுக்கிறேன்." இதுவரை வாங்காத அந்த லட்டு அம்புரோசின் நெஞ்சில் வந்து அடைத்தது. இப்போதா சொல்வது? இந்த ஆள் போனில் இருக்கும்போதா? இவர் கேள்வி முடியட்டும். இவர் கேள்வி ராத்திரியைப் பற்றியது. வானத்தில் கணக்கில்லாத நட்சத்திரம் இருக்கிறது என்கிறீர்களே, எந்தப் பக்கம் பார்த்தாலும் கடைசியில் ஒரு நட்சத்திரத்தில் போய்த்தானே முட்ட வேண்டும், அப்படியானால் ராத்திரி வானம் பகலைப்போல் பளீரென்று இருக்க வேண்டுமே, ஏன் கருப்பாக இருக்கிறது? வேறு நாளாக இருந்தால் இந்தக் கேள்விக்காக அம்புரோஸ் அவருக்கே லட்டு கொடுத்திருப்பார். இன்று நாக்குத் தானாக ஓடியது. பிரபஞ்சத்துக்கு வயது இருக்கிறது ஐயா. ரொம்பத் தொலைவில் இருப்பவற்றின் ஒளி கிளம்பிவிட்டது, இன்னும் வந்து சேரவில்லை. இருட்டு என்று நாம் நினைப்பதில் பெரும்பகுதி வந்து சேராத வெளிச்சம்தான். சொல்லிக்கொண்டே அவர் கடிகாரத்தைப் பார்த்தார். சேதி கிளம்பிவிட்டது, வந்து சேரவில்லை. அதுவரைக்கும் எல்லாம் வழக்கம்போல் இருக்கும். சூரியன் இந்த நொடி அணைந்தாலும் எட்டு நிமிடம் இங்கே வெயில் அடிக்கும், நிலோஃபர் பொத்தானை அழுத்துவாள், சௌந்தரபாண்டி மடக்கிக் கேட்பார். எங்கோ எல்லாம் முடிந்தபின்னும் இங்கே ஒன்றும் ஆகாததுபோல் இருக்கும் அந்த எட்டு நிமிடத்துக்குள்தான் ஒருவேளை தான் உட்கார்ந்திருக்கிறோமோ என்று நினைத்தபோது அவருக்கு முதுகில் வேர்வை இறங்கியது. குளிர்சாதனம் பதினெட்டில் இருந்தது.

பதினொன்று நாற்பதுக்குச் சொன்னார். சொன்னார் என்பதை எப்படிச் சொன்னார் என்றும் சொல்லியாக வேண்டும். "நேயர்களே, போன வாரம் கிணறு பற்றி ஒரு கேள்விக்குப் பதில் சொல்லியிருந்தேன் அல்லவா, அதோடு சேர்த்து ஒரு சிறு கூடுதல் தகவல்" என்று தொடங்கினார். சிறு கூடுதல் தகவல். விளக்கு காட்டுவது பிராணவாயு இருக்கிறதா என்பதை மட்டும். சில சூழல்களில், குறிப்பாகச் சேறு கலங்கும்போது, விளக்குக்குத் தெரியாத நச்சு வாயுக்களும் வெளிப்படக்கூடும். நாற்றம் அடித்து நின்றுபோனால் அது மூக்கு மரத்துப்போனதன் அறிகுறியாகவும் இருக்கலாம். ஆகவே காற்றுச் சோதனைக் கருவியும் பாதுகாப்பு ஆட்களும் இல்லாமல் இறங்குவதைத் தவிர்ப்பது நலம். தவிர்ப்பது நலம்! 'தப்பு' என்ற சொல் இரண்டு முறை பல்லுக்குப் பின்னால் வரைக்கும் வந்துவிட்டு, சௌந்தரபாண்டி வீட்டு ரேடியோவை நினைத்துத் திரும்பிப் போயிற்று. 'இறங்காதே' என்ற சொல்லும் வந்தது. அதற்கு உரிய மரியாதை விகுதி என்ன என்று யோசிக்கும்போதே பிடி நழுவிவிட்டது. "அருமையான தகவல் சார்" என்றாள் நிலோஃபர், ஆவணி மாதத்தில் மறுபடி நிழலில்லா நாள் வரும் என்று சொன்னபோது சொன்ன அதே குரலில். ஆனாலும் சொல்லியாயிற்று. விஷயம் முழுதாக அதில் இருக்கிறது. கவனித்துக் கேட்கிறவனுக்குப் புரியும். பால்ச்சாமி கவனித்துக் கேட்கிற ஆள், நாள் குறிக்கிற அளவுக்குக் கவனித்துக் கேட்கிற ஆள். இன்னும் முப்பத்தேழு நிமிடம் இருக்கிறது. அம்புரோஸ் தண்ணீர் குடித்தார். தொண்டையில் இறங்கும் தண்ணீரின் சத்தம் ஹெட்போனில் பெரிதாகக் கேட்டது. மூச்சு ஒழுங்காக வந்தது. நாற்காலியில் கொஞ்சம் சாய்ந்துகொண்டார். காலையில் ஆட்டோவில் நாற்றம் நின்றதும் கைக்குட்டையை மடித்துப் பையில் வைத்தாரே, அந்த நிம்மதி. அது நினைவுக்கு வந்ததும் மறுபடி நிமிர்ந்து உட்கார்ந்தார்.

பதினொன்று நாற்பத்தாறுக்குப் போன் மணி அடித்தது. "வணக்கம், 'ஏன்?' நிகழ்ச்சி, யார் பேசுறீங்க?" என்று நிலோஃபர் கேட்டாள். பெண் குரல். பின்னால் காற்று. "சீலமுத்துப்பட்டியில இருந்து காமுத்தாய் பேசுறேன். போன வாரம் பேசுனாகள்ல, பால்ச்சாமி, அவுக வீட்டுக்காரி." அம்புரோசின் கை மேசை விளிம்பைப் பிடித்தது. கேட்டுவிட்டார்கள், கேட்டுவிட்டுத்தான் கூப்பிடுகிறார்கள் என்று உள்ளே ஒன்று துள்ளியது. "சாரு பேசுறத அவுகளும் கேக்கணும்னு ரேடியோவ வாளியில வச்சுக் கெணத்துக்குள்ள விட்டோம் சார். மேல இருக்கையில நல்லாப் பேசுச்சு. உள்ள போனதும் வெறும் இரைச்சலு. ஒரு வார்த்தை கேக்கலயாம். அது ஏன்னு சாரக் கேளுன்னு அவுகதான் சொன்னாக." கேள்வி. எப்போதும்போல ஒரு கேள்வி. நம் எஃப்.எம். அலை நேர்கோட்டில் போகிற ஜாதி, அம்மா, மண்ணைத் துளைத்துக் கீழே இறங்காது, மேலே தாண்டிப் போய்விடும், நிலாவுக்குப் போகும், கிணற்றுக்குள் போகாது. நாக்கு அதற்குள் பாதி தூரம் போய்விட்டிருந்தது, "அதாவதும்மா, நம்ம அலை..." என்று அவருடைய குரல் அவருக்கே கேட்டது. நிறுத்தினார். கண்ணாடியில் ஒட்டியிருந்த தாளைப் பார்த்தார். பதினொரு வருடத்தில் முதல் தடவையாக நேயரைத் திருப்பிக் கேட்டார். "உள்ள யாரும்மா இருக்காங்க?" "அவுகளும் என் தம்பியும் சார்." "பன்னிரண்டு பதினெட்டுக்குத்தானே எறங்கணும்?" "அதுவரைக்கும் எதுக்குச் சும்மா குத்தவச்சிருக்கணும்னு பத்தரைக்கே எறங்கிட்டாக. வெளக்கு விட்டுப் பாத்தோம் சார். ஜம்முன்னு எரிஞ்சுச்சு, நீங்க சொன்ன மாதிரியே." நிலோஃபர் சிரித்துக்கொண்டே தலையாட்டினாள். "நாத்தம் அடிச்சுதா?" "அடிச்சுது சார், சேத்தக் கெளறவும் குப்புன்னு மேல வரைக்கும் வந்துச்சு. என் தம்பி கீழ இருந்து கத்துறான், யக்கா, இது நீ வச்ச கருவாட்டுக் கொழம்பு மாதிரியே இருக்குன்னு. அவனுக்கு வாய்க்கொழுப்பு. இப்ப இல்ல சார். நாத்தம் சுத்தமாப் போயிருச்சு, நல்ல காத்து வருதுன்னு அவுக சொன்னாக." "எப்போ?" "இப்பத்தான். ரேடியோ இரையுதுன்னு சொன்னாகல்ல, அதுக்குப் பொறத்தாலயே. ஒரு நாலஞ்சு நிமிசம் இருக்கும். பெறகு பேச்சில்ல. வேலையில இருப்பாக." "ஏறச் சொல்லு" என்றார் அம்புரோஸ். "என்ன சார்?" "ஏறச் சொல்லு, ரெண்டு பேரையும். இப்பவே." "ஏன் சார்?"

ஏன். பதினொரு வருடமாக இந்தச் சொல்லைச் சொல்லிக் கூப்பிட்ட யாரையும் அவர் வெறுங்கையோடு அனுப்பியதில்லை. காரணம் எல்லாம் வரிசையாக, சட்டை மடிப்புக் கலையாமல், வாசலில் வந்து நின்றன: சேறு, குமிழ், நரம்பு, மூக்கு. அவர் கதவைச் சாத்தினார். "கேக்காத தாயி. நான் தப்பாச் சொல்லிட்டேன். விளக்கு எரிஞ்சா போதும்னு சொன்னது தப்பு. கூப்பிடு அவங்கள. மேல இருக்கிற யாரும் உள்ள எறங்கக் கூடாது, செத்தாலும் எறங்கக் கூடாது, கயித்த மட்டும் விடு, ஊர்ல ஆள் கூப்பிடு, தீயணைப்புக்குப் போன் போடச் சொல்லு. ஓடு!" இலக்கணம் இல்லாத, விகுதி இல்லாத, அவர் வாழ்நாளில் பேசியதிலேயே அழகில்லாத வாக்கியங்கள் அவை. நிலோஃபரின் சிரிப்பு முகத்திலேயே நின்றுபோயிருந்தது. போன் அறுபடவில்லை, கிணற்றுச் சுவர்மேல் வைத்துவிட்டுப் போயிருக்க வேண்டும். காற்றும், யாரோ ஓடுகிற சத்தமும், பிறகு அவள் குரலும் கேட்டன. "ஏங்க! ஏலே தம்பி! ஏறுங்க! சாரு ஏறச் சொல்றாரு!" கிணறு அதையே திருப்பிச் சொன்னது. ஏறச் சொல்றாரு. எதிரொலி கேட்டதையே திருப்பித் தரும்; பதில் என்றால் அதில் புதிதாக ஒரு சொல்லாவது இருக்கும் என்று எப்போதோ ஒரு வாரம் அவர் விளக்கியிருக்கிறார். புதிய சொல் வருகிறதா என்று காதைக் கொடுத்தார். வரவில்லை. கப்பி சுழன்றது. கயிறு இறங்கியது. கயிற்றுக்கு நின்றவரோ, கூச்சல் கேட்டு ஓடி வந்தவரோ, ஒரு ஆண் குரல் மேலிருந்து, "பிடிடா, பிடி, இடுப்புல போடு" என்றது. கப்பி நின்றது. பிறகு முனகத் தொடங்கியது. பாரம் ஏறிய கப்பி முனகும், வெறும் கப்பி கீச்சுக்குரலில் பாடும், இதற்குக் காரணமும் அவருக்குத் தெரியும். முனகிக்கொண்டே வந்தது, ரொம்ப நேரம். இருமல். வாந்தி எடுக்கும் சத்தம். "தம்பி, தம்பி, மாமா எங்கடா?" என்று காமுத்தாய் கேட்டாள். தம்பிக்கு வாய்க்கொழுப்பு எதுவும் மிச்சமில்லை, இருமல்தான் பதில். "விடுறா கயித்த, விடு" என்றது அந்த ஆண் குரல். நிலோஃபர் விரலைப் பாட்டுப் பொத்தானின் மேல் வைத்து, போடட்டுமா என்று கண்ணால் கேட்டாள். அம்புரோஸ் வேண்டாம் என்று தலையசைத்தார். சௌந்தரபாண்டி கேட்டுக்கொண்டிருப்பார். மாவட்டம் முழுக்கக் கேட்டுக்கொண்டிருக்கும். கேட்கட்டும். ஹெட்போனுக்குள் கப்பி பாடத் தொடங்கியது. கயிறு வெறுமையாக, வேகமாக, அடிவரைக்கும் இறங்கிக்கொண்டிருந்தது. இனிக் கீழே அதைப் பிடிக்க ஒரு கை வேண்டும்.